விவாகரத்து வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்

விவாகரத்துக்காக வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஜெயித்துவிடுவோமா?" என்பதுதான். உடனே "கண்டிப்பாக" என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல் யாரும் அப்படி உறுதி தர முடியாது. "என் தரப்பில் பலவீனமான இடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆளை எடைபோட்டுவிடலாம்.

அடுத்தது கட்டணம். மொத்தத் தொகையா, மணிக்கணக்கா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா? நீதிமன்றக் கட்டணமும் நகல் எடுக்கும் செலவும் அதில் அடங்குமா? பாதியில் சமரசமாகிவிட்டால் முன்பணத்தில் மீதி திரும்ப வருமா? இதற்கெல்லாம் கூச்சப்படவே கூடாது. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடும்ப வழக்குகளில் அவருடைய அனுபவம், வழக்கில்லாமல் பேசி முடிக்கும் வழி, இரண்டையும் விசாரியுங்கள். நீதிமன்றத்தில் நிற்கப்போவது அவரா, ஜூனியரா என்பதையும்தான். உங்கள் துணைவர் ஏற்கெனவே அவரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறாரா என்பது பலருக்கும் தோன்றாத கேள்வி.

போகும்போது திருமணத் தேதி, பிரிந்த தேதி, குழந்தைகளின் வயது, சொத்து, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினால் அழுகையிலேயே அரை மணி நேரம் போய்விடும். மணிக்கணக்குக் கட்டணம் என்றால் அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும்.