மடவை மீனின் சினைக்காலத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்பதற்காகத்தான். ஆனால் எண்ணூர்க் கழிமுகத்து மடவை அந்த நாட்களில் சினை வைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி முட்டை முற்றி, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. 2023 டிசம்பரில் இந்தக் கழியில் எண்ணெய் பரவியது மடவையின் சினைக்காலத்தில்தான். இதைச் சொல்ல நம் கையில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். செப்டம்பரில் தொடங்குங்கள்.

மீன் வாங்குதல். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பல ஊர் மீனும் கலந்திருக்கும். எண்ணூரில் வலை போடுபவரிடமே, குடல் எடுக்காத மீனாக வாங்குங்கள். கழியில் பிடித்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு அப்போதே எழுதிவிடுங்கள். மடவை என்ற பெயரில் பல இனங்கள் விற்கின்றன. நமக்கு வேண்டியது மூஜில் செஃபாலஸ் (Mugil cephalus) என்ற அறிவியல் பெயருள்ள இனம். அதன் கண்ணைத் தடித்த கொழுப்புப் படலம் பெரும்பாலும் மூடியிருக்கும். ஐயம் வந்தால் அந்த மீனைச் சேர்க்காதீர்கள்.

எடை. நீளம், எடை இரண்டையும் குறியுங்கள். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.1 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசுதான் வேண்டும். வயிற்றைக் கீறிச் சினைப்பையை முழுதாக எடுத்து, ஈரம் ஒற்றி, தனியே நிறுங்கள்.

நிலை அறிதல். என்னை நெடுநாள் குழப்பியது இதுதான். முற்றிய சினை எவருக்கும் தெரியும்: மஞ்சளாக, வயிறு நிறைய, முட்டை முட்டையாக இருக்கும். ஆணிடம் வெண்மையான விந்துப்பை. சிக்கல் மெலிந்த பையில்தான். முட்டையிட்டு முடித்த பையும் இளம் பையும் சிறியவை, எடையும் குறைவு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் சினைக்காலம் முடிந்ததா, தொடங்கவே இல்லையா என்று தெரியாமல் போகும். விரலால் அழுத்திப் பாருங்கள். இளம் பை மெல்லியதாக, ஒளி ஊடுருவும்படி, கெட்டியாக இருக்கும். முட்டையிட்ட பை தொளதொளவென்று, இரத்தச் சிவப்போடு இருக்கும். உள்ளே மிஞ்சிய முட்டைகள் சில கிடைக்கும். இந்த வேறுபாட்டை எனக்குக் காட்டியவர் மீன் வெட்டும் ஓர் அக்கா. எந்தப் படத்தையும்விட அவர் விரலை நம்புகிறேன்.

கணக்கு. சினை எடையை மீன் எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 600 கிராம் மீனில் 72 கிராம் சினை என்றால் 12 சதவீதம். பெண் மீன்களின் சராசரியை மாதவாரியாக வரைந்தால் ஏறி இறங்குவது தெரியும்.

பின்சேர்க்கை. ஒரே அளவு மீன்களுக்கு இந்தச் சதவீதம் ஏன் மாறுகிறது என்று பழவேற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டார். மடவை சேற்றோடு சேர்த்து உண்ணும். இரைப்பையில் மண் கனக்கும். ஆகவே குடல் நீக்கிய எடையால் வகுப்பதே மேல். எந்த எடையை எடுத்தாலும் பருவம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். வலை போட்டும் மடவை கிடைக்காத நாளையும் விடாமல் எழுதுங்கள்: சினை மீன்கள் கடலுக்கு இறங்கியதைக் கழியில் காட்டுவது அந்த வெற்று வரிதான்.