ஓப்பன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு ஆவணம் எழுத முன்வருவோருக்கு

நிரல் எழுதத் தெரிந்தவர்தான் திறமூலத் திட்டங்களுக்கு உதவ முடியும் என்ற எண்ணம் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் கணினித் துறைக்கு வரும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. வட்டில் கோப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருளான கோப்பு முறைமையைப் பொறுத்தவரை அது சரியன்று. பிழையான நிரல் பெரும்பாலும் சோதனையிலேயே சிக்கிவிடும்; பிழையான விளக்கத்தை நம்பி ஒருவர் கட்டளை இட்டாலோ, பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்பப் படங்களும் சங்கக் கணக்குகளும் ஒரு நொடியில் போய்விடலாம்.

ஓப்பன்இசட்எஃப்எஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் திறந்துவிட்ட மூலநிரலிலிருந்து வளர்ந்து, 2013இல் தனித் திட்டமாக உருவெடுத்தது. இதன் ஆவணங்கள் இரண்டு இடங்களில் உள்ளன. வழிகாட்டிகள் தனிக் களஞ்சியத்தில் (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேமிக்கப்படும் இடத்தில்) இருக்கின்றன. கட்டளைகளுக்குரிய மேன் பக்கங்கள் (ஒவ்வொரு கட்டளையின் பயனையும் விளக்கும் கையேட்டுப் பக்கங்கள்) மூலநிரலோடு சேர்ந்தே இருக்கின்றன. ஆவணத் தளத்தில் தெரியும் மேன் பக்கங்கள் மூலநிரலிலிருந்து தானாக உருவாக்கப்படுபவை என்பதால், அவற்றைத் திருத்த விரும்புபவர் மூலநிரல் களஞ்சியத்துக்கே செல்ல வேண்டும். டேட்டா செலவு கையைக் கடித்தால், முழு வரலாற்றையும் இறக்காமல் கடைசி நிலையை மட்டும், மாற்ற வரலாற்றைப் பராமரிக்கும் ‘கிட்’ கருவி மூலம் இறக்கினால் போதும்.

எழுதுவதற்கு முன் கட்டளையை நீங்களே ஓட்டிப் பாருங்கள். அதற்குத் தனி வட்டு வாங்க வேண்டியதில்லை. மடிக்கணினியில் ஒரு ஜிபி அளவுள்ள வெற்றுக் கோப்புகள் இரண்டு மூன்றை உருவாக்கி, அவற்றையே வட்டுகளாகக் காட்டித் தொகுப்பு (வட்டுகளை ஒன்றுசேர்த்த சேமிப்பிடம்) அமைக்கலாம். அதில் ‘ஆட்’, ‘அட்டாச்’ ஆகிய இரண்டு கட்டளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பாருங்கள். ஒரே வட்டுள்ள தொகுப்பில் ‘அட்டாச்’ செய்தால் இரண்டாவது வட்டு முதலாவதன் நகலாகும். ‘ஆட்’ செய்தாலோ தரவு இரண்டிலும் பகிர்ந்து எழுதப்பட்டு, எந்த ஒரு வட்டு பழுதானாலும் முழுத் தொகுப்பும் போய்விடும். ஆர்எய்ட்-இசட் (தரவோடு மீட்புத் தகவலையும் பல வட்டுகளில் பரப்பி எழுதி, ஒரு வட்டு பழுதானாலும் தரவைக் காக்கும் அமைப்பு) தொகுப்பில் தனி வட்டை ‘ஆட்’ செய்ய முயன்றால் எச்சரிக்கை வரும்; அதை மீறிக் கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டால் பிறகு அந்த வட்டை நீக்க வழியில்லை. இந்த விளைவை வாசகர் கட்டளையைத் தட்டும் முன்பே அறிய வேண்டும். ஆகவே எச்சரிக்கையை எடுத்துக்காட்டுக்கு மேலே எழுதுங்கள், கீழே அன்று.

பதிப்பு எண்ணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஆர்எய்ட்-இசட் அமைப்பில் பின்னர் ஒரு வட்டைச் சேர்த்து விரிவாக்க முடியாது என்ற வாக்கியம் 2.2 வரை உண்மை. 2025இல் வந்த 2.3இல் ‘அட்டாச்’ மூலம் அது முடிகிறது.

லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டோடு வாழ்ந்த நமக்கு, மற்றவர்களைவிட நன்றாக எழுதக்கூடிய பகுதி ஒன்று உண்டு: திடீரென மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பது. ஓப்பன்இசட்எஃப்எஸ் பழைய தரவின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகே, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளை மாற்றுவதால், கோப்பு முறைமை குலைவதில்லை. ஆனால் சாதாரணமாக எழுதப்படுபவை, இயல்பு அமைப்பில் ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக வட்டுக்குச் செல்பவை. அந்தக் கடைசி விநாடிகளில் எழுதியது இழக்கப்படலாம். தரவுத்தளங்களைப் போல உடனே வட்டில் பதியுமாறு கேட்கும் நிரல்களின் எழுத்துகள் தனிப் பதிவேட்டில் பாதுகாக்கப்படுகின்றன. ‘பாதுகாப்பானது’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எது மிஞ்சும், எது மிஞ்சாது என்று பிரித்துச் சொல்லுங்கள். மெய்நிகர் கணினி ஒன்றைப் பாதியில் அணைத்து இதைச் சோதிக்கலாம். வட்டின் சொந்தத் தற்காலிக நினைவகம் செய்யும் பிழைகள் மட்டும் அந்தச் சோதனையில் தெரியா.

அனுப்பும்போது, திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் ஒரு கோரிக்கையில் ஒரு திருத்தமே இருக்கட்டும். மூலநிரல் களஞ்சியத்துக்கு அனுப்பும் திருத்தத்தை விளக்கும் குறிப்பின் முதல் வரி 72 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். ‘சைன்டு-ஆஃப்-பை’ என்ற ஒப்பவரியும் கட்டாயம். மதிப்பாய்வாளர் ஒரு வாக்கியத்தைக் கேள்வி கேட்டால், நீங்கள் ஓட்டிய கட்டளையையும் அதன் வெளியீட்டையும் அப்படியே பதிலில் ஒட்டுங்கள். திருத்தம் ஏற்கப்பட்ட பின்னும், அடுத்த பதிப்பு வெளிவரும்போது உங்கள் பக்கத்தின் எடுத்துக்காட்டுகளை அதில் மறுபடி ஓட்டி, மாறியிருப்பதைத் திருத்தி அனுப்புங்கள்.