என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி: எஸ்.எஸ்.பி.க்குப் போகும் கேடட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்.சி.சி. கேடட்கள் ராணுவத்தில் அதிகாரியாகச் சேரும் வழியான என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றிதழான 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், வயது 19 முதல் 25 வரை. இவை இருந்து, விண்ணப்பம் தேர்வாகிவிட்டால் நேரே எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல்தான். அதில் தேறி, மெடிக்கலும் முடிந்து, மெரிட் பட்டியலில் பெயர் வந்தால் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சி. முடித்து வெளியே வரும்போது லெப்டினன்ட்.

ஆனால் இடங்கள் மிகக் குறைவு. பல ஆண்டுகளாக ஒரு கோர்ஸுக்கு ஆண்களுக்கு 50, பெண்களுக்கு 5 என்ற அளவில்தான் இருந்துவந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு பேட்ச்சிலும் நல்ல கேடட்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தாமதமாகப் போவது, அசல் சான்றிதழை மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுவோம்.

இரண்டாம் ஆண்டில் சேர்வது

மூன்றாண்டுப் படிப்பு என்றால் முதல் ஆண்டிலேயே என்.சி.சி.யில் சேர்ந்துவிட வேண்டும். தாமதித்தால் 'சி'க்கு முந்தைய நிலையான 'பி' சான்றிதழோடு கல்லூரி முடிந்துவிடும். பரேடு வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, முகாமுக்குப் போகாவிட்டாலோ தேர்வெழுத விட மாட்டார்கள். 'சி' தேர்வில் "பாஸ் ஆனால் போதும்" என்று நினைப்பது இன்னொரு தவறு. 'சி' கிரேடில் பாஸான சான்றிதழ் இந்த என்ட்ரிக்கு உதவாது.

அரியரைத் தள்ளிப்போடுவது

இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதுவரை முடித்த ஆண்டுகளிலும், பிறகு படிப்பு முழுவதிலும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். அரியர் தேங்கினால் இங்கேதான் இடிக்கும்.

பி.ஐ.க்யூ. படிவத்தை ஊதிப் பெருக்குவது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறவில்லை. எஸ்.எஸ்.பி.யின் முதல் நாளிலேயே நிரப்பச் சொல்லும் சொந்த விவரப் படிவம்தான் பி.ஐ.க்யூ. ஊர், பெற்றோரின் படிப்பு, தொழில், வருமானம், பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்த மதிப்பெண்கள், விளையாட்டு, பொழுதுபோக்கு, வகித்த பொறுப்புகள், என்.சி.சி. விவரம், முன்பு எஸ்.எஸ்.பி.க்குப் போயிருந்தால் எந்த மையம், எப்போது என்பது வரை எல்லாம் அதில் உண்டு. நேர்காணல் அதிகாரி அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். கேடட்களோ அதை பஸ் பாஸ் விண்ணப்பம் போல அவசரமாக நிரப்பிவிட்டு வருகிறார்கள்.

மாதிரி நேர்காணல் ஒன்றில் ஒரு கேடட் பொறுப்பு என்ற இடத்தில் 'சீனியர் அண்டர் ஆஃபீசர்' என்றும், பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'பேட்மிண்டன், புத்தகம் வாசிப்பு' என்றும் எழுதியிருந்தார். அதை வைத்து அவரிடம் கேட்ட கேள்விகள் இவை: உங்கள் கம்பெனியில் எத்தனை கேடட்கள்? கடைசிப் பரேடுக்கு எத்தனை பேர் வரவில்லை, அவர்களை என்ன செய்தீர்கள்? பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் உங்கள் குரூப்பிங் (சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்ற அளவு) எவ்வளவு? பேட்மிண்டன் வலையின் நடு உயரம் என்ன? (1.524 மீட்டர்.) கடைசியாகப் படித்த புத்தகத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லாத கருத்து எது? ஐந்துக்கும் தடுமாறினார். உண்மையில் அவர் நல்ல கேடட். ரேங்க் கையில் இருந்தது. அந்த ரேங்கில் என்ன செய்தோம் என்று அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இந்தத் தவறின் விலை அதிகம், ஏனென்றால் அது ஒரே இடத்தோடு நிற்பதில்லை. உளவியலாளர் எழுத்தை வைத்தும், குழுச் சோதனைகளை நடத்தும் அதிகாரியான ஜி.டி.ஓ. மைதானத்தில் பார்த்ததை வைத்தும், நேர்காணல் அதிகாரி பேச்சை வைத்தும் ஒரே ஆளைத்தான் மதிப்பிடுகிறார்கள். "தலைமை தாங்கினேன்" என்று படிவத்தில் எழுதியவர் குரூப் டாஸ்க்கில் பலகையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றால் இரண்டும் ஒட்டாது. கடைசி நாள் கான்ஃபரன்ஸில் எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது அந்த இடைவெளி மேசைமேல் இருக்கும். முந்தைய முயற்சியை மறைப்பது இதைவிட மோசம். பதிவு எஸ்.எஸ்.பி.யிடமே இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. அழைப்பு வந்ததும் படிவத்தின் மாதிரியை நகலெடுத்து வீட்டில் நிரப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஏன், எப்படி, பிறகு என்ன ஆயிற்று என்று மூன்று கேள்விகளை நீங்களே எழுதிப் பதில் சொல்லிப் பாருங்கள். பதில் வராத வரியை அடித்துவிடுங்கள். அப்பா கூலி வேலை பார்க்கிறார், வருமானம் குறைவு என்றால் அப்படியே எழுதுங்கள். அதற்கு மதிப்பெண் குறைவதில்லை. மறைக்கப் போய்ப் பேச்சில் தடுமாறினால்தான் குறையும்.

மனப்பாடக் கதைகள்

டி.ஏ.டி. என்பது படம் பார்த்துக் கதை எழுதும் உளவியல் சோதனை. அதில் 12 முறை, ஒவ்வொரு அட்டையையும் 30 விநாடி பார்த்து 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும். கடைசி அட்டை வெற்று. கோச்சிங்கில் தந்த அதே வெள்ள நிவாரணக் கதையை எல்லாப் படத்திலும் ஒட்டாதீர்கள்.

ஆங்கிலத்துக்குப் பயந்து வாயை மூடுவது

தமிழ்வழியில் படித்தவர்கள் குரூப் டிஸ்கஷனில் இதனால்தான் அதிகம் இழக்கிறார்கள். மூன்று சிறு வாக்கியங்களில், ஒரு கருத்தையும் அதற்கான காரணத்தையும் சொன்னால் போதும். இலக்கணப் பிழை பெரிய குறையில்லை. பேசாதவரை மதிப்பிட எதுவுமே இல்லை.

தனித் தடைகளைப் பழகாமல் போவது

ஜி.டி.ஓ. மைதானத்தில் ஒவ்வொருவரும் தனியாகத் தாண்ட வேண்டியவை இவை: மூன்று நிமிடம், பத்துத் தடைகள். கயிறு ஏறிப் பழகுங்கள்.

இந்த ஒரு கதவை மட்டும் தட்டுவது

யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். (முப்படை அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு) தேர்வில் டேராடூன் ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வுக்குப் போகும் இடங்களில் 'சி' சான்றிதழ் உள்ளவர்களுக்குத் தனியாகச் சில உண்டு. ஏர் விங் கேடட்களுக்கு விமானப்படையிலும் என்.சி.சி. வழி இருக்கிறது. அறிவிப்பு வரும்போதெல்லாம் தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

மெடிக்கலைக் கடைசிக்கு வைப்பது

காதில் அழுக்கு, அதிக எடை, தட்டைப் பாதம், நிறப் பார்வைக் குறை ஆகியவற்றை அழைப்புக்கு முன்பே ஒரு மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். முதல் இரண்டும் சரிசெய்யக்கூடியவை. தகுதியில்லை என்று சொல்லிவிட்டால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குக் காலக்கெடு உண்டு. அங்கேயே விதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.