ஹாஸ்டலுக்கு பெட்டி கட்டுற தம்பி தங்கச்சிகளுக்கு: காலேஜ்ல கிறிஸ்தவனா இருக்குறது எப்படி, ஸ்டெப் பை ஸ்டெப்

காலேஜ் திறக்குற சீசன் வந்தா எங்க ஊர் கோயில்ல (தூத்துக்குடி பக்கம் நாங்க சர்ச்சை கோயில்னுதான் சொல்லுவோம்) ஆராதனை முடியுற நேரத்துல பாஸ்டர் ஐயா வெளியூர் போற பிள்ளைங்களை எல்லாம் முன்னாடி வரச்சொல்லி முழங்கால் போட வச்சு ஜெபம் பண்ணி அனுப்புவாரு. அம்மாமார் பின்னாடி நின்னு அழுவாங்க. 3 மாசம் கழிச்சு அதே பிள்ளைகள்ல ஒண்ணு ரெண்டு எனக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போடும், "அண்ணே கோயிலுக்கு போயி 5 வாரம் ஆச்சு, பைபிள் தொடவே இல்ல, குற்ற உணர்ச்சியா இருக்கு"னு. ஒவ்வொருத்தருக்கா பதில் டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிடுறேன்.

முதல்ல என் கதை. நான் சென்னையில இன்ஜினியரிங் சேரும்போது அம்மா புது ஜிப் கவர் போட்ட பைபிள் ஒண்ணு பெட்டியில வச்சு அனுப்புனாங்க. பெட்டியில எந்த இடத்துல வச்சாங்களோ அதே இடத்துலதான் முதல் செமஸ்டர் முழுக்க இருந்துச்சு, மேல ஈர டவல், ஷூ சாக்ஸ் எல்லாம் கிடந்துச்சு. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்தப்ப அம்மா அதை எடுத்து திறக்க பாத்தாங்க, ஜிப் நகரவே இல்ல. துரு. ஒரு வார்த்தை கேக்கல. அலமாரியில இருந்த பாதி எரிஞ்ச மெழுகுவர்த்தியை எடுத்து ஜிப் பல்லு மேல மேலயும் கீழயும் தேச்சு தேச்சு மெதுவா இழுத்து திறந்து என் கையில குடுத்துட்டு அடுப்படிக்கு போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட பரவாயில்ல.

அதுல இருந்து எனக்கு புரிஞ்சது என்னன்னா, காலேஜ்ல விசுவாசத்தை யாரும் வந்து நம்ம கையில இருந்து பிடுங்குறது இல்ல. நாத்திக ப்ரொஃபசர், கேலி பண்ற ஃப்ரெண்ட்ஸ்னு ஊர்ல பயமுறுத்தி அனுப்புறாங்களே, அதெல்லாம் ரொம்ப கம்மி. தூக்கம், மெஸ் டைமிங், பாத்ரூம் க்யூ, போன், இந்த நாலுலதான் போகுது. அதனால இதுக்கு பெரிய எழுப்புதல் எல்லாம் வேணாம், கொஞ்சம் ஏற்பாடு வேணும்.

ஸ்டெப் 1: போன முதல் வாரமே ஒரு சபையை பிடிச்சிடு

"செட்டில் ஆயிட்டு பாத்துக்கலாம்"னு மட்டும் நினைக்காத, செட்டில் ஆகவே மாட்ட. ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே மேப்ஸ்ல ஹாஸ்டல் அட்ரஸ் போட்டு பக்கத்துல என்ன சபை இருக்கு, பஸ் எது, எத்தனை மணிக்கு தமிழ் ஆராதனைன்னு பாத்து வச்சுக்கோ. சிஎஸ்ஐ, லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே, எதுவா இருந்தாலும் உங்க பாஸ்டர்கிட்டயோ ஃபாதர்கிட்டயோ கேட்டா அந்த ஊர்ல தெரிஞ்சவங்க ஒருத்தர் நம்பர் கண்டிப்பா கிடைக்கும். உன் ஊர் மாதிரியே பாட்டு, அதே ராகம்னு எதிர்பாக்காத. 1947ல 4 விதமான சபை மரபுல இருந்தவங்க சேர்ந்து உண்டானதுதான் சிஎஸ்ஐயே (தென்னிந்திய திருச்சபை), அவங்க ஒருத்தர் பழக்கத்தை ஒருத்தர் சகிச்சுக்கிட்டாங்க, நீ ஒரு கீபோர்டு சத்தத்தை சகிச்சுக்க முடியாதா. ரெண்டு மூணு இடம் போயி பாரு, தப்பில்ல, ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்ணுல உக்காந்துடு. வாரம் ஒரு சபைன்னு சுத்துனா உன்னை காணோம்னு தேடுறதுக்கு ஒரு ஆள் இருக்க மாட்டாங்க.

இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஸ்ல சிக்கன். எங்க ஹாஸ்டல்ல 1.30க்கு மூடிருவாங்க, ரெண்டாவது ஆராதனைக்கு போயிட்டு பஸ் பிடிச்சு வந்தா ரசம்தான் மிஞ்சும். சிரிக்காதீங்க, நான் கோயிலுக்கு போகாம இருந்த வாரங்கள்ல பாதிக்கு காரணம் இந்த சிக்கன்தான். காலையில முதல் ஆராதனைக்கு போ, 10 மணிக்கு ரூம்ல இருப்ப. சனிக்கிழமை ராத்திரி 2 மணி வரைக்கும் சீரிஸ் பாக்காம இருந்தா எழுந்திரிக்கலாம்.

ஸ்டெப் 2: வேத வாசிப்பை சின்னதா ஆரம்பி

புது வருஷத்துல எல்லாரும் பைபிளோட முதல் புஸ்தகம் ஆதியாகமத்துல ஆரம்பிச்சு மூணாவது புஸ்தகம் லேவியராகமத்துல படுத்துருவோம். அது வேணாம். மாற்கு சுவிசேஷம் எடு, 16 அதிகாரம், ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு வாரம் சொச்சத்துல ஒரு முழு புஸ்தகம் முடிஞ்சிரும், அந்த சந்தோஷமே உன்னை அடுத்ததுக்கு இழுத்துட்டு போகும். அப்புறம் நீதிமொழிகள், 31 அதிகாரம், தேதி என்னவோ அதே அதிகாரம். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா பின்னாடி போயி பிடிக்காத, இன்னிக்கு தேதிய வாசி, அரியர் வச்சு படிக்கிறதுக்கு இது எக்ஸாம் இல்ல.

பழைய மொழிபெயர்ப்பு தமிழ் புரியலன்னா வெக்கப்படாத, பக்கத்துல 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியத்தை வச்சுக்கோ. பெந்தெகொஸ்தே வீட்டு பிள்ளைகளுக்கு இது கத்தோலிக்க பைபிள்னு ஒரு தயக்கம் இருக்கும், ஆனா அது கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டும் சேர்ந்து பண்ணுனது, புரியாத வசனத்துக்கு மட்டும் புரட்டி பாரு. போன் ஆப்ல வாசிக்கலாமான்னா வாசிக்கலாம், ஆனா ஏரோப்ளேன் மோட்ல போட்டுட்டு வாசி. இல்லன்னா மாற்கு 4ல புயல் அமரும்போது மேல ஒரு ரீல்ஸ் நோட்டிஃபிகேஷன் வரும், அப்புறம் படகும் இல்ல புயலும் இல்ல.

நேரம் எப்போன்னு கேப்பீங்க. எங்க ப்ளோர்ல 40 பேருக்கு 6 பாத்ரூம், காலையில 6.30ல இருந்து பக்கெட் வரிசை. நான் பக்கெட்ட வரிசையில வச்சுட்டு மாடிப்படியில உக்காந்து வாசிப்பேன், 15 நிமிஷம் அழகா கிடைக்கும். ஜெபம் பண்ண தனி ரூம் எல்லாம் கிடைக்காது, மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கம் போ, இல்லன்னா போர்வையை இழுத்து மூடிட்டு பண்ணு. சத்தமா ஜெபிச்சு பழகுனவங்களுக்கு இது முதல்ல ஒரு மாதிரி இருக்கும்.

சோம்பேறித்தனம் வரும்போது நான் நினைச்சுக்குற ஆள் ஜெர்மனியில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு. 1706 ஜூலை 9 தரங்கம்பாடியில வந்து இறங்கும்போது அவருக்கு 24 வயசு நிறையல, நம்ம பிஜி ஸ்டூடன்ட் வயசு. சின்ன பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல விரலால அ ஆ எழுதி பழகுன மனுஷன், 10 வருஷத்துக்குள்ள தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சிட்டாரு. நமக்கு தாய்மொழியில ஒரு அதிகாரம் வாசிக்க கஷ்டமா இருக்கு.

ஸ்டெப் 3: எங்க கோடு போடணும்னு முன்னாடியே முடிவு பண்ணு

இதுதான் முக்கியமான ஸ்டெப், மெதுவா வாசிங்க. பைபிள்ல தானியேல் புஸ்தகம் முதல் அதிகாரத்தை ஹாஸ்டல் கண்ணோட வாசிச்சு பாருங்க. வெளியூர், 3 வருஷ கோர்ஸ், மெஸ் சாப்பாடு அரமனை செலவு, சிலபஸ் பூரா பாபிலோன் பாஷை. பேரையே மாத்திட்டாங்க, பெல்தெஷாத்சார்னு. அதுக்கெல்லாம் தானியேல் சண்டை போடல, பாடத்தையும் படிச்சான், நல்லாவும் படிச்சான். ஒரே ஒரு இடத்துல கோடு போட்டான், சாப்பாடு. அதையும் ஸ்ட்ரைக் பண்ணி கேக்கல, வார்டன் மாதிரி இருந்த ஆள்கிட்ட போயி 10 நாள் மட்டும் டெஸ்ட் பண்ணி பாருங்க ஐயான்னு மரியாதையா கேட்டான்.

நம்ம ஆளுங்க இதை தலைகீழா பண்ணுவோம். ஃப்ரெஷர்ஸ் டே டான்ஸுக்கு வரமாட்டேன், அது உலகக் காரியம்னு பெருசா முறுக்குவோம், ஆனா லேப் ரெக்கார்டுல இல்லாத ரீடிங்கை இருக்குற மாதிரி எழுதுவோம், ப்ராக்ஸி குடுப்போம், இன்டர்னல்ல பிட் வப்போம். நானே பண்ணுனேன். செகண்ட் இயர்ல ஜெபக்கூட்டம் நடத்துற பையன்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும், ஒரு நாள் பக்கத்து ரூம் பையனுக்காக "பிரசென்ட் சார்"னு குரலை மாத்தி சொன்னேன். சார் தலையை நிமித்தி பாத்து ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட் போட்டாரு, அதுகூட வலிக்கல. கடைசி பெஞ்சுல ஒருத்தன் "அல்லேலூயா"னு மெதுவா சொன்னான் பாருங்க, மொத்த கிளாஸும் சிரிச்சுது. அன்னைக்கு போன பேரை திரும்ப எடுக்க ஒரு வருஷம் ஆச்சு.

அதனால இப்பவே ஒரு பேப்பர் எடுத்து 3 விஷயம் எழுது. என் லிஸ்ட் இது: ப்ராக்ஸி குடுக்க மாட்டேன், காப்பி அடிக்க மாட்டேன், கடன் வாங்குனா சொன்ன தேதிக்கு குடுப்பேன். உன் லிஸ்ட் வேறயா இருக்கலாம், நீளமா மட்டும் போயிடக்கூடாது. முடியாதுன்னு சொல்லும்போது பிரசங்கம் பண்ணாத. "மச்சி ப்ராக்ஸி மட்டும் கேக்காத, நோட்ஸ் வேணா நைட்டு உக்காந்து சொல்லித்தரேன்"னு சொல்லு, சொன்ன மாதிரி உக்காந்து சொல்லிக்குடு. ரெண்டாவது பாதிதான் முக்கியம்.

ஸ்டெப் 4: ட்ரீட், லவ், போன்

பர்த்டே ட்ரீட்னு கூப்பிட்டா போ. சரக்கு வந்தா "எனக்கு வேணாம்டா" போதும், காரணம் யாரும் கேக்க மாட்டாங்க, கேட்டாலும் அடுத்த ரவுண்டுல மறந்துருவாங்க. சைடு டிஷ்ஷை நீயே காலி பண்ணாம பாத்துக்கோ, அதுக்குதான் நிஜமா கோவப்படுவாங்க.

லவ் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன் தம்பிங்களா. பிடிச்சிருக்குன்னா பிடிச்சிருக்குன்னு சொல்லு, "கர்த்தர் உன்னை எனக்கு காட்டுனாரு"னு ஆரம்பிக்காத. அந்த பிள்ளை வேணாம்னு சொல்லணும்னா கர்த்தரையே எதுத்து சொல்ற மாதிரி ஆயிரும், அது நியாயமே இல்ல.

ஆபாச வீடியோ பழக்கம் இருக்குன்னா நீ மட்டும்தான் அப்படின்னு நினைச்சு உள்ளுக்குள்ளயே வச்சு புழுங்காத. நம்பிக்கையான ஒரு அண்ணன்கிட்ட, பொம்பளை பிள்ளைங்கன்னா ஒரு அக்காகிட்ட, வாய் திறந்து சொல்லு. ராத்திரி சார்ஜரை கட்டில்ல இருந்து எட்டாத ப்ளக்ல போடு. ஜெபமும் வேணும், அந்த ப்ளக் பாயிண்ட்டும் வேணும்.

ஸ்டெப் 5: கூட்டாளி சேத்துக்கோ, பாத்து சேத்துக்கோ

நிறைய காலேஜ்ல இ.யு.ன்னு மாணவர் ஐக்கியம் இருக்கும், 1954ல இருந்து இந்தியா முழுக்க நடக்குற யு.இ.எஸ்.ஐ. இயக்கத்தை சேர்ந்தது. கத்தோலிக்க பிள்ளைகளுக்கு 1924ல இருந்து ஐக்கஃப்னு ஒரு மாணவர் அமைப்பு இருக்கு. எதுவும் இல்லன்னா 3 பேர் சேந்து வாரம் ஒரு சாயங்காலம் உக்காருங்க, டீ, ஒரு அதிகாரம், ஒருத்தருக்கு ஒருத்தர் ஜெபம். கேம்பஸ்குள்ள அனுமதி இல்லன்னா வெளிய வச்சுக்கோங்க, ரூலை மீறி ஒளிஞ்சு நடத்தி அதை உபத்திரவம்னு பேர் வைக்க வேணாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுல பேசாத, எங்க சபை மட்டும்தான் ரட்சிப்பு, எக்ஸாமை விட்டுட்டு ஊழியத்துக்கு வா, ஸ்காலர்ஷிப் பணத்தை காணிக்கையா போடு, இப்படி யாராவது சொன்னா மரியாதையா எழுந்து வந்துடு. எவ்வளவு உருக்கமா ஜெபிச்சாலும் சரி. காணிக்கை நல்ல பழக்கம், பாக்கெட் மணியில 50 ரூபான்னாலும் மாச ஆரம்பத்துலயே எடுத்து வை. ஆனா குடுக்குறது உன் மனசுல இருந்து வரணும், ஒருத்தர் கண்ணை பாத்து பயந்து வரக்கூடாது.

இன்னொண்ணு, சொன்னா நம்ம ஆளுங்களுக்கே கோவம் வரும். புதுசா ஒரு கிறிஸ்தவ பையன் வந்தா முதல்ல எந்த ஊரு, ஊர்ல எந்த தெருன்னு கேப்போம், எதுக்கு கேக்குறோம்னு கேக்குறவனுக்கும் தெரியும் கேக்கப்படுறவனுக்கும் தெரியும். திருவிருந்துல ஒரே பாத்திரத்துல குடிச்சிட்டு வந்து ஹாஸ்டல்ல சாதி பாத்து கேங் சேக்குறதுக்கு எந்த வசனமும் இல்ல. அந்த கேள்வியை நீ கேக்காத, யாராவது கேட்டா பேச்சை மாத்து.

ஸ்டெப் 6: உடைஞ்சு போற நாள்

அரியர் விழும், வீட்டு ஞாபகம் வரும், சில நேரம் காரணமே இல்லாம வாரக்கணக்குல எந்திரிக்க முடியாம கிடப்ப. அப்ப "உனக்கு ஜெபம் பத்தல"ன்னு சொல்ற ஆள்கிட்ட இருந்து கொஞ்சம் தள்ளி இரு. பைபிள்ல எலியா தீர்க்கதரிசியே சூரைச்செடிக்கு கீழ படுத்து சாகணும்னு கேட்டாரு, தேவதூதன் வந்து முதல்ல அவரை திட்டல, அடையும் தண்ணியும் குடுத்து மறுபடி தூங்க விட்டான். சாப்பிடு, தூங்கு, யார்கிட்டயாவது சொல்லு. 14416க்கு போன் பண்ணு, அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். டாக்டரை பாக்கறது அவிசுவாசம் இல்ல. சீனியர்ஸ் ராகிங் பண்ணுனா 1800-180-5522, அதையும் "பொறுமையா சகிச்சுக்கணும்"னு எடுத்துக்காத, தமிழ்நாட்டுல 1997லயே அதுக்கு சட்டம் போட்டாச்சு.

ஸ்டெப் 7: ரூம்மேட்

என் ரூம்மேட் நாமக்கல் பக்கம், தினமும் விபூதி வச்சிட்டுதான் கிளாஸுக்கு கிளம்புவான். முதல் மாசம் அவன் மேஜையில இயேசுவை பத்தின ஒரு கைப்பிரதி வச்சேன், அவன் அதை மடக்கி ஆடுற ஃபேன் ஸ்டாண்டுக்கு அண்டை குடுத்தான். அதோட நிறுத்திட்டேன், நல்ல வேளை. அவங்க அம்மா பிரசாதம் குடுத்து விட்டா சாப்பிடலாமா வேணாமான்னு கேப்பீங்க. இதுல அப்போஸ்தலர் பவுல் காலத்துல இருந்தே சபையில ரெண்டு பக்கமும் பேசிருக்காங்க, உன் மனசாட்சிப்படி செய், சாப்பிடலன்னா நன்றி சொல்லி அன்பா மறு, மூஞ்சியை சுளிச்சு அந்த அம்மா கையை மட்டும் அவமானப்படுத்தாத. அவன் டைஃபாய்டுல கிடந்தப்ப கஞ்சி வாங்கிட்டு வந்து குடுத்தேன், என் அரியர் பேப்பருக்கு அவன் ராத்திரி முழுக்க உக்காந்து கணக்கு சொல்லிக்குடுத்தான். அவ்வளவுதான் எங்களுக்குள்ள நடந்தது. ஜெபம் பண்ணும்போது எப்பவாச்சும் "எங்கப்பாவுக்கும் சேத்து கேளுடா, சுகர் ஜாஸ்தியா இருக்கு"ன்னு சொல்லுவான்.

பைனல் இயர்ல ஒரு ஞாயித்துக்கிழமை ப்ராஜெக்ட் வேலை முடிச்சு 4 மணிக்குதான் படுத்தேன், அலாரம் அடிச்சது தெரியல. 6.45க்கு கட்டில் குலுங்குது, கண்ணை திறந்தா அவன் காலால உதைச்சிட்டு நிக்கிறான். "டேய் இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கோயிலுக்கு போகல? லேட்டா வந்தாலும் பரவால்ல போ, நான் சிக்கன் எடுத்து வைக்கிறேன்." ரெண்டாவது ஆராதனைக்கு போயிட்டு 2 மணிக்கு வந்தேன், என் மேஜையில ஒரு தட்டை இன்னொரு தட்டு போட்டு மூடி, மேல என் ஜிப் பைபிளை வெயிட்டா வச்சிருந்தான்.