செம்புக் கறை எடுக்க நைலான் பிரஷ்

ரைபிள் குழலுக்குள் படிந்த செம்பைக் கரைக்க அம்மோனியா கலந்த திரவம் ஊற்றும்போது, வெண்கல பிரஷை ஓரமாக வைத்துவிட்டு நைலான் பிரஷை எடுங்கள். துணித்துண்டைத் தள்ளும் கம்பியின் முனையும் பித்தளையாக இருக்க வேண்டாம், நைலான் முனையே நல்லது.

காரணம் எளிது. வெண்கலம், பித்தளை இரண்டிலுமே செம்புதான் பெரும்பங்கு. திரவம் குழலில் உள்ள செம்பைக் கரைப்பதுபோலவே பிரஷையும் கரைக்கும். குழல் எப்போதோ சுத்தமாகியிருக்கும், பிரஷிலிருந்து கரைந்த செம்பால் துணி மட்டும் நீலமாகவே வந்துகொண்டிருக்கும். இன்னும் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து மறுபடி மறுபடி தேய்ப்போம். திரவமும் வீண், பிரஷும் சீக்கிரம் தேய்ந்துபோகும். நைலானில் அந்தக் குழப்பமே இல்லை. துணியில் நீலம் தெரிந்தால் அது குழலிலிருந்து வந்ததுதான். நீலம் நின்றதும் நீங்களும் நிறுத்திவிடலாம்.

வெடிமருந்துக் கரிக்கு இது பொருந்தாது. அதற்கு அம்மோனியா இல்லாத திரவமும் வெண்கல பிரஷும்தான் சரி. கரியை முதலில் எடுத்துத் துடைத்துவிட்டு, அப்புறம் செம்புக்கு வாருங்கள். செம்பு உறை இல்லாத ஈயக் குண்டு மட்டுமே சுடும் .22 ரைபிளுக்கும், ஈயச் சிதறுகுண்டு போடும் ஷாட்கன்னுக்கும் செம்புத் திரவமே தேவையில்லை.

தொடங்கும் முன் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை காலியாக இருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அம்மோனியா நெடி கடுமையானது. புட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் திரவத்தைக் குழலில் விடாமல் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள்.