பார்வை நியூரான்களின் நம்பகத்தன்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாய்ந்த கோடு ஒன்றைத் திரையில் காட்டினால், அந்தச் சாய்வுக்கு அதிகமாகப் பதில் தரும் நியூரான் (மூளையின் நரம்பணு) ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துடிக்கும் என்றுதான் பாடப்புத்தக வரைபடங்களைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் அதே கோட்டுக்கு ஒரு தடவை 14 ஸ்பைக் (நியூரான் அனுப்பும் குறு மின்துடிப்பு), அடுத்த தடவை 5, அப்புறம் 9 என்கிற ரீதியில்தான் பதில் வரும். புத்தகத்தில் இருக்கும் வழவழப்பான வளைவு, பல தடவை காட்டி எடுத்த சராசரி. மூளைக்கு அந்த வசதி கிடையாது, ஒரே பார்வையில் முடிவெடுத்தாக வேண்டும். அதனால் சராசரியை மட்டும் பார்த்து ஒரு நியூரானை நம்பகமானது என்று சொல்லாதீர்கள், சிதறலையும் பாருங்கள். கண்ணிலிருந்து வரும் தகவலை மூளையின் மேலுறையில் முதலில் வாங்கும் முதன்மைப் பார்வைப் புறணியில் ஸ்பைக் எண்ணிக்கையின் பரவற்படி (சிதறலின் அளவு) பெரும்பாலும் சராசரிக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கும், அதாவது சிதறல் சின்ன விஷயமே இல்லை.

சரி, அப்படியென்றால் நியூரானே குளறுபடியானது என்று முடிவுகட்டிவிடலாமா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு எரிச்சலூட்டும் தவறும் இதுதான். 1995இல் மெய்னன், செஜ்னோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் எலி மூளையின் புறணியிலிருந்து வெட்டியெடுத்த துண்டில் இருந்த நியூரான்களுக்கு நேரடியாக மின்னோட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். மாறாத மின்னோட்டம் கொடுத்தபோது ஸ்பைக் வரும் நேரம் போகப்போகத் தடவைக்குத் தடவை விலகியது, ஏறி இறங்கும் மின்னோட்டத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோதோ கிட்டத்தட்ட மில்லி வினாடித் துல்லியத்தில் அதே இடங்களில் ஸ்பைக் வந்தது. ஸ்பைக் உண்டாக்கும் பொறி நன்றாகத்தான் வேலை செய்கிறது, தடுமாற்றத்தில் பெரும்பங்கு அதற்கு வந்துசேரும் உள்ளீட்டில் இருக்கிறது. நீங்கள் காட்டிய படம் மாறாவிட்டாலும், பார்க்கும் விலங்கு மாறிக்கொண்டேதானே இருக்கிறது! கண் நுணுக்கமாக நகர்ந்தால் விழித்திரையில் கோடு விழும் இடமே மாறிவிடும். எலி ஓட ஆரம்பித்தால் பார்வைப் புறணியின் பதில் வலுக்கிறது என்று 2010இல் நீலும் ஸ்ட்ரைக்கரும் காட்டினார்கள். கண் அசைவையும் விழிப்பு நிலையையும் பதிவு செய்யாமல் மிச்சம் எல்லாவற்றையும் 'இரைச்சல்' என்று எழுதிவிட்டால், அந்த இரைச்சலில் பாதி நீங்கள் அளக்காமல் விட்ட விஷயமாகவே இருக்கலாம்.

'ஒன்று தடுமாறினால் என்ன, ஆயிரம் நியூரான்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும்' என்பதும் அவசரக் கணக்குதான். ஒவ்வொன்றும் தன்போக்கில் தடுமாறினால் அது பலிக்கும், ஆனால் பக்கத்துப் பக்கத்து நியூரான்கள் ஓரளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. குரங்குகளின் அசைவு உணரும் பகுதியில் 1994இல் அளந்தபோது இந்த ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுக்கச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன) சராசரியாக 0.12 தான் இருந்தது, அதற்கே 100 நியூரான்களைத் தாண்டினால் லாபம் பெரிதாகக் கூடாது என்று கணக்கு வந்தது. எல்லா ஒட்டுறவும் கெடுதல் என்றும் இல்லை. நியூரான்கள் சேர்ந்து ஏறி இறங்கும் விதமும் காட்டும் படம் மாறும்போது அவற்றின் பதில் மாறும் விதமும் ஒன்றாக இருந்தால்தான் சிக்கல், எது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

கடைசியாக, கால்சியம் ஒளிர்வை (நியூரான் துடிக்கும்போது உள்ளே கூடும் கால்சியத்தைக் காட்டும் ஒளியை) பார்த்து ஸ்பைக்கை எண்ணுவதாக நினைக்காதீர்கள். ஒளிர்வு மெதுவாக ஏறி அதைவிட மெதுவாக இறங்கும், தனி ஸ்பைக் பல சமயம் கண்ணில் படாமலேயே போய்விடும். அங்கே நம்பகத்தன்மை குறைவாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியை.