குளிருக்கு முன் ஆமைக்குஞ்சுகள் பொரிந்தன

வட கரோலினாவில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பாக்ஸ் டர்ட்டில் என்ற நில ஆமை ஒன்று ஜூலைக் கடைசியில்தான் முட்டையிட்டது. அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ ஊர்வனமே இந்த ஆமைதான். பொரிக்க 70 முதல் 90 நாள் பிடிக்கும். மண் குளிர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். அக்டோபர் இரவுகளை நினைத்தாலே கவலையாக இருந்தது.

தோண்டி எடுத்து வீட்டுக்குள் வைக்கலாம்தான். ஆனால் கரு வளரத் தொடங்கிய முட்டை புரண்டால் உள்ளே உயிர் போய்விடலாம். அதனால் அசைக்கவில்லை. ரக்கூன் தோண்டாமலிருக்க முன்பே கம்பிவலை அடித்திருந்தேன். செப்டம்பரில் அதன்மேல் மரச்சட்டம் வைத்து, பழைய ஜன்னல் கண்ணாடியைச் சாய்வாகப் பொருத்தினேன். அங்கே நிழல் விழவைத்த கிளையையும் வெட்டினேன். அப்புறம் முட்டை இருக்கும் ஆழத்தில், சற்றுத் தள்ளி, தெர்மாமீட்டர் முனையைப் புதைத்தேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயிலில் கண்ணாடிக்கடியில் சூடு சட்டென ஏறும். 30 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கண்ணாடியை எடுத்துவிடுவேன். மாலையில் மூடி, மேலே பழைய கம்பளி. மண் காய்ந்தால் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர்.

அக்டோபர் நடுவில் குஞ்சுகள் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. அவ்வளவு சந்தோஷம்! சட்டத்தையும் வலையையும் அகற்றி, பக்கத்திலேயே ஈரச் சருகைக் குவித்தேன். சில குஞ்சுகள் குழிக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிப்பதுண்டு என்பதால், அந்த இடத்தை வசந்தம் வரை கிளறப்போவதில்லை.